முதல் ஆளுக்கு இல்லை என்று சொன்ன கடை

டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்தில் எங்களுக்கு ஒரு சின்ன வேப் கடை இருக்கிறது. சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கும் கருவிகளும், அவற்றில் ஊற்றும் திரவங்களும் விற்கிறோம். என் கணவர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டும் பிடித்ததில்லை. ஆனால் எந்த வாடிக்கையாளருக்கு எந்த மணம் பிடிக்கும் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவார். என் பிறந்தநாள்தான் அவருக்கு நினைவில் நிற்காது.

காலையில் முதலாவதாக வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடுமாம். கைராசிக்காரர் முதலில் வாங்கினால் நாள் முழுக்கச் சனமாம். நான் கேட்டுச் சிரிப்பேன். சிரித்தாலும் உள்ளூர எனக்கும் நம்பிக்கைதான்.

எங்கள் கைராசிக்காரி ஒரு டேனிஷ் அம்மா. பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். பள்ளிக்கூட வயதில் தொடங்கிய சிகரெட்டை, எங்களிடம் வாங்கிய ஸ்ட்ராபெரி திரவத்தின் துணையோடு விட்டவர். கடை திறக்க முதலே வாசலில் நிற்பார்.

பிறகு சட்டம் இறுகத் தொடங்கியது. சாமான் தெருவுக்குத் தெரியக் கூடாது என்றார்கள், கண்ணாடியை மறைத்தோம். புகையிலை மணமும் மென்தோலும் தவிர வேறு எதையும் விற்கக் கூடாது என்றார்கள். ஸ்ட்ராபெரி, மாம்பழம், வனிலா எல்லாம் அலுமாரியை விட்டுப் போயின. இனிப்பு மணத்தில் மயங்கிச் சின்னப் பிள்ளைகள் இழுக்கப் பழகுகிறார்கள் என்பது காரணம். அதைப் பொய்யென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் கடைக்கு வருகிற சனம் பாதியாகிவிட்டது. வாடகைக்கே இழுபறி.

தடை வந்தபின் அந்த அம்மா முதன்முதல் வந்த காலையில் நானும் கடையில் நின்றேன். கணவர் புகையிலை மணத்தில் ஒன்றை ஊற்றிக் கொடுத்தார். அந்த அம்மா வாசலுக்கு வெளியே போய் ஒரு இழுப்பு இழுத்தார். முகம் மாறிவிட்டது. உள்ளே வந்து கருவியைக் கவுண்டரில் வைத்தார். அவர் டேனிஷில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"இது அந்தப் பழைய ருசி. இதைக் கொண்டுபோனால் பின்னேரமே சிகரெட் வாங்கிப் போடுவன்."

நான் கணவரின் காதுக்குள், "இஞ்சேருங்கோ, உள்ளுக்கை ரெண்டு ஸ்ட்ராபெரி கிடக்கெல்லோ?" என்றேன்.

"அது திருப்பி அனுப்புற சாமான். பேசாம இரும்."

அந்த அம்மா கருவியை எங்கள் பக்கம் தள்ளினார். பிறகு, "இனி இழுக்கிறதையே விடப்போறன். ஒவ்வொரு நாளும் காலமை இஞ்சை வருவன். வந்து கேப்பன். எதைக் கேட்டாலும் தராதேயுங்கோ. சூப்பர் மார்க்கெட்டிலை கேட்டால் சிகரெட்டை எடுத்துக் குடுத்துவிடுவினம். எனக்கு இல்லையெண்டு சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை," என்றார்.

விற்கிறவனிடமே வந்து விற்காதே என்று கேட்கிற ஒருவரை அன்றுதான் கண்டேன். என் கணவர் சரியென்று தலையை ஆட்டினார்.

அடுத்த நாளிலிருந்து அந்த அம்மா தினமும் வந்தார், கேட்டார். என் கணவர் இல்லை என்றார். சில நாள் சிரித்துக்கொண்டு போவார். சில நாள் கவுண்டரில் அடித்து, இங்கே எழுத முடியாத சொல்லெல்லாம் சொல்லுவார். ஒரு நாள் கெஞ்சி அழுதார். அப்போதெல்லாம் இவர் கோப்பி ஊற்றிக் கொடுப்பார். இரண்டு கையாலும் அந்த அம்மா கோப்பையைப் பிடித்திருப்பார்.

"முதல் ஆளை வெறுங்கையோட அனுப்புறியள். கடை உருப்பட்ட மாதிரித்தான்," என்று நான் சீண்டினேன்.

"கடையை விடப்பா. அந்த மனுசி நிண்டு பிடிக்கிறதைப் பாரும்."

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மனிதர்கள் வலி தாங்குவதைத் தினமும் பார்க்கிறேன். ஆசையைத் தாங்குவதை அவ்வளவு கிட்ட நின்று பார்த்தது எங்கள் கடையில்தான். கேட்கிறவர் பெரியவரா, கைக்கு எட்டுகிற வியாபாரத்தைத் தள்ளிவிடுகிறவர் பெரியவரா என்று எனக்குத் தெரியவில்லை. இருவரையும் பார்க்க மலைப்பாக இருந்தது. சனிக்கிழமைகளில் சமையலைக் கூட அப்படியே போட்டுவிட்டு அதைப் பார்க்கவே கடைக்குப் போனேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை. காற்றும் மழையும். அந்த அம்மா வந்து மழைக்கோட்டை உதறிக் கொழுவினார். தன் தங்கச்சி வாங்கிய நாய்க்குட்டியைப் பற்றிச் சொன்னார். இப்போதைய சாரதிகளுக்குப் பஸ்ஸைத் திருப்பத் தெரியவில்லை என்று திட்டினார். கோப்பியைக் குடித்து முடித்து, நல்ல வார இறுதியாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

கதவு சாத்தி வெகுநேரமாகியும் என் கணவர் கவுண்டரைப் பிடித்தபடியே நின்றார். என்ன ஏதென்று கிட்டப் போனேன். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அவ இண்டைக்குக் கேக்கேல்லையப்பா," என்றார்.