பள்ளிப் பெஞ்சும் பதினொரு விநாடியும்

பழைய கல்யாண டிஸ்க்குகளைக் கம்பியூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறவர்கள் மாத்தளையில் நாலைந்து பேர் உண்டு. நம் முஸ்லிம் சனங்கள் மட்டும் றம்லாவைத்தான் தேடி வருவார்கள், அவள் ஒரு பெண் என்பதற்காக.

டிஸ்க்கில் முக்காடு நழுவிய மணப்பெண் இருப்பாள், தலை நிறையப் பூ வைத்த மாமிமார் இருப்பார்கள். அந்நிய ஆண் அதைப் பார்க்கலாமா? கூடாது. அதனால் டவுனில் கடை வைத்திருக்கும் இந்திரகுமாரிடம் கொடுக்க மாட்டார்கள். இருபது வருசத்துக்கு முன்னால் அந்த வீடுகளுக்குள் கமராவோடு நுழைந்து, "மாமி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க" என்று அத்தனை பேரையும் படம் பிடித்தவனே இந்திரகுமார்தான் என்பதை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இந்திரகுமார் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவன் அல்ல. தன்னிடம் சும்மா கிடந்த டிஸ்க் ஓட்டும் பெட்டியை றம்லாவிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"அக்கா, நான் புடிச்ச படத்த நான் பாத்தா பாவமாம். நீங்க பாத்துக்குங்க."

றம்லா அதற்கு முன் தையல்காரி. புருசன் கத்தாரில். யூடியூப்பைப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். தையல் மேசையில்தான் லேப்டொப்பும் இருக்கிறது. டிஸ்க்கில் படம் ஒரே துண்டாக இருக்காது. நாலைந்து துண்டாக, கம்பியூட்டர் சட்டென்று அடையாளம் காணாத ஏதோ பெயரில் கிடக்கும். அவற்றை வரிசையாக எடுத்து, சேர்த்து, வெட்டவும் ஒட்டவும் தோதான ஃபைலாக மாற்ற வேண்டும். கீறல் விழுந்த டிஸ்க் என்றால் நூற்றுக்கு நாற்பது வீதம் வரை ஓடிவிட்டு அங்கேயே சுருண்டு படுத்துக்கொள்ளும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, பிஸ்மி சொல்லி மறுபடி போடுவாள்.

ஆனால் மாற்றித் தாருங்கள் என்று வருகிறவர்களைவிட வெட்டித் தாருங்கள் என்று வருகிறவர்கள்தான் அதிகம். காணிச் சண்டையில் தம்பியோடு முறைத்துக்கொண்ட ஒருவர், கல்யாணப் படத்திலிருந்து தம்பியை முழுக்க எடுத்துவிடச் சொன்னார். தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். அவனை எடுத்தால் மாப்பிள்ளையின் பாதித் தோளும் கூடப் போகும். "போனாப் போகட்டும்" என்றார் மனிதர். இன்னொருத்தி, மதினியின் கழுத்தில் கிடந்த மாலை தன்னுடையது என்று எழுத்துப் போடச் சொன்னாள்.

றம்லா வெட்டுவாள், ஒட்டுவாள். வெட்டும்போதெல்லாம் ஒன்றை நினைத்துச் சிரித்துக்கொள்வாள். நம் இரண்டு தோளிலும் இருந்து நன்மை தீமையை எழுதிக்கொண்டிருக்கும் மலக்குமார்களின் கையில் கத்திரி இல்லை. அங்கே கொண்டுபோய் எந்த ஹாஜியார் எதை வெட்டச் சொல்லப்போகிறார்?

ஒருநாள் பதுர்தீன் ஹாஜியாரே வந்தார். பல்லேபொலைப் பக்கம் மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் தலைவர். முஸம்மிலின் ஆட்டோவில் மனைவி முனவ்வராவோடு வந்து இறங்கினார். அந்நியப் பெண்ணின் வீட்டுக்குள் வரக்கூடாதென்று வராந்தாவிலேயே உட்கார்ந்து, செவ்வரத்தைச் செடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தங்கச்சி, இது எங்கட கல்யாண டிஸ்க். நிக்காஹ் ஈக்கட்டும், சாப்பாடு ஈக்கட்டும். பாட்டும் ஆட்டமும் வர்ற எடத்த எடுத்துடுங்க. பொறகு டிஸ்க்க என்ட கண்ணு முன்னால ஒடச்சுப் போடுங்க."

ஊரில் பாட்டு வைத்த கல்யாண வீட்டுக்குப் பள்ளிப் பெஞ்சும் இல்லை, சோறு பரிமாறும் சஹனும் இல்லை என்று சட்டம் போட்டவர் இவர். ஒவ்வொரு தடவையும் மைக்கில் ஒரே உதாரணம்தான். "பள்ளிட பெஞ்ச கல்யாண வீட்டுக்குக் குடுத்தோம். எவனோ ஒருத்தன் அதுல ஏறி ஆட்டம் போட்டு கால ஒடச்சுக் குடுத்தீக்கிறான். இன்டைக்கும் இரும்புப் பட்டி அடிச்சு வெச்சீக்கிறோம்." வீட்டில் இருந்தபடி லவுட்ஸ்பீக்கரில் கேட்டுக் கேட்டு றம்லாவுக்கே அது மனப்பாடம்.

உள்ளே வந்த முனவ்வரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"றம்லா, அந்த ஆட்டத்துலதான் எங்கட உம்மா ஈக்கிறாங்க. போட்டோவுக்கு நிக்கவே மாட்டாங்க அவங்க. எனக்குக் கல்யாணமாகி எட்டாம் மாசம் மவுத்தாப் போய்ட்டாங்க. என்ட புள்ளைகள் அவங்க சத்தத்தக் கேட்டதே இல்ல. அந்த எடத்த மட்டும் வெட்டிடாதம்மா."

டிஸ்க்கில் பூஞ்சணம் படர்ந்திருந்தது. மூன்று நாள் மல்லுக்கட்டிய பிறகுதான் கடைசித் துண்டு இறங்கியது. றம்லா ஓட்டிப் பார்த்தாள். பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிறீம் கலர் கோட்டு, மடித்துவிட்ட காற்சட்டை, பல்லுக்கிடையில் கடித்த கைலேஞ்சித் துணி. புதுமாப்பிள்ளை பதுர்தீன் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று பைலா ஆடுகிறார். பெஞ்சின் சாய்மானத்தில் பள்ளிவாசலின் பெயர் வெள்ளைப் பெயின்ற்றில் பளிச்சென்று தெரிகிறது. கதவோரத்தில் வட்டிலப்பத் தட்டோடு நிற்கும் முனவ்வராவின் தாய் நோனா உம்மா சத்தம் போடுகிறார்.

"மருமவனே, பாத்து! பெஞ்சு நம்மடதில்ல, பள்ளிட!"

படக்கென்று ஒரு சத்தம். மாப்பிள்ளையைக் காணவில்லை. நோனா உம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரிக்கிறார். எல்லாம் சேர்த்துப் பதினொரு விநாடி.

ஆளை வெட்டுவது றம்லாவுக்குப் பெரிய காரியமில்லை. படத்தைப் பெரிதாக்கி, உம்மாவின் முகத்தை மட்டும் நிறுத்தினாள். சத்தம்தான் மசியவில்லை. பாட்டும் சிரிப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. பாட்டைப் பிரிக்கும் ஏதோ ஒன்றைத் தேடிப் பிடித்துச் செய்து பார்த்தாள். உம்மா தகரப் பேணிக்குள் இருந்து சிரிப்பதுபோல் இருந்தது. அதைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

சொன்ன நாளில் இருவரும் வந்தார்கள். அதே ஆட்டோ, அதே கதிரை, அதே செவ்வரத்தை.

"ஹாஜியார், ஒங்கள எடுத்துட்டேன். பாட்ட எடுத்தா முனவ்வரா ராத்தாட உம்மாட சிரிப்பும் போய்டும். ரெண்டும் ஒண்ணாத்தான் ஈக்கு" என்றாள் றம்லா, கதவுக்குப் பின்னால் நின்று.

"அப்ப முழுச் சத்தத்தையும் எடுத்துடுங்க தங்கச்சி. மொகம் ஈக்குதானே, போதும்."

"போதும்னு நீங்க சொல்றீங்களா?" என்று முனவ்வரா உள்ளேயிருந்து கேட்டாள். இருபது வருசத்தில் அவள் அந்தக் குரலில் பேசி ஹாஜியார் கேட்டதில்லை. "றம்லா, நான் ஒரு தரம் கேக்கிறேன். வெட்டாதத போடு."

றம்லா போட்டாள். முனவ்வரா கை நீட்டிச் சத்தத்தை முழுக்கக் கூட்டினாள்.

பைலாப் பாட்டு வராந்தாவைத் தாண்டி ஒழுங்கை வரை போனது. "மருமவனே, பாத்து! பெஞ்சு நம்மடதில்ல, பள்ளிட!" படக். பிறகு அந்தச் சிரிப்பு.

ஆட்டோவுக்குள் சாய்ந்து கிடந்த முஸம்மில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனும் ஜமாஅத் ஆள்தான், அந்த இரும்புப் பட்டியில் உடுத்திருந்த சாரத்தை மாட்டிக் கிழித்துக்கொண்டவன்.

"ஹாஜியார், இது நம்மட அந்தப் பெஞ்சா?"

ஹாஜியார் செவ்வரத்தையை அப்படிக் கூர்ந்து பார்த்தார், அதில் எத்தனை இதழ் என்று யாரோ கேட்டதுபோல. உள்ளே முனவ்வரா அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டு சிரிப்பில் எது தாயுடையது, எது மகளுடையது என்று வெளியே இருந்தவர்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

ஹாஜியார் செவ்வரத்தையை விட்டுக் கண்ணெடுக்காமலே சொன்னார்.

"சரி தங்கச்சி, ஈக்கட்டும். டிஸ்க்க ஒடைக்க வாணாம். வீட்டுக்குள்ளதானே, யாரு பாக்கப்போறா?"

அடுத்த ஜும்மாவில் பெஞ்சு உதாரணம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் பள்ளிக்கு ஒரு புதுத் தேக்குப் பெஞ்சு வந்து இறங்கியது. கொடுத்தவர் பெயரை வெளியிட விரும்பவில்லை என்று மைக்கில் சொன்னார்கள். முஸம்மிலின் ஆட்டோவில் ஏறிய எல்லாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. ஆனால் சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது, அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு.

முனவ்வரா இன்னொரு நாள் தனியாக வந்தாள். அந்தப் பதினொரு விநாடியை மட்டும் வெட்டி, தன் போனில் போட்டுத் தரச் சொன்னாள். றம்லா வெட்டிய வெட்டுகளிலேயே மனமாரச் செய்தது அதுதான். இப்போது யார் கோல் எடுத்தாலும் முனவ்வராவின் போனில் பைலா அடிக்கும், நோனா உம்மா மருமகனை எச்சரிப்பார், பெஞ்சு உடையும், சிரிப்பார். பிள்ளைகள் அது அடித்து முடியும் வரை போனை எடுக்கவே விடமாட்டார்களாம்.

பதுர்தீன் ஹாஜியார் மட்டும் வீட்டுக்குக் கோல் எடுப்பதை விட்டுவிட்டார். மரக்கறி என்ன வாங்குவது என்று கேட்கவும் நேரே நடந்தே வந்துவிடுகிறார்.