ரிட்டிகலவுக்குப் போக நினைத்தபோது

எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்த விஞ்ஞான ஆசிரியைக்குத்தான் முதலில் அந்த ஆசை வந்தது. மன்னார்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். நியமனம் கிடைத்து எங்கள் கடலோர முஸ்லிம் ஊரான எத்தாளைக்கு வந்தவள், அதே பாடசாலையில் வரலாறு படிப்பித்த என்னோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு நாள் என் பாடப்புத்தகத்தில் ரிட்டிகல மலையின் படத்தைக் கண்டாள். காட்டுக்குள்ளே ஏறிப் போகும் கற்பாதை, துறவிகள் இருந்த பழைய மடங்களின் இடிபாடுகள்.

"டீச்சர், இதை நீங்க பாத்திருக்கிறீங்களா?"

"இல்ல. படிப்பிக்கிறதோட சரி."

"அப்ப ஓகஸ்ட் லீவுக்குப் போவமா?"

மன்னார்ப் பக்கமெல்லாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அங்கிருந்து வந்தவர்கள் என்றாலே சந்தேகம். சந்தைக்குப் போவதற்கே அடையாள அட்டை வேண்டும். ஆனாலும் அந்த ஆசை என்னையும் பிடித்துக்கொண்டது. வெங்காயத் தோட்டம் செய்துகொண்டிருந்த என் கணவரும் சம்மதித்தார். ஊரில் வேன் வைத்திருந்த ஒருவரிடம் பேசினோம். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த டீச்சரும் வாறாவா? அவட ஐடென்டியில மன்னார் எண்டுதானே இருக்கும். பொலிஸில கடிதம் எடுத்துத் தந்தா வாறன். இல்லாட்டி என்ட வேனையும் சேத்துப் புடிச்சி வெச்சிருவானுகள்."

கடிதம் கேட்கப் போனதுதான் வினையாயிற்று. பொறுப்பதிகாரி அவளுடைய அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். காட்டில் உனக்கு என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார். பழைய இடிபாடுகளைப் பார்க்க என்று நான் சொன்னேன். "கல்லைப் பார்க்கவா?" என்றார். பிறகு அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டு, நாளைக்கு வரச் சொன்னார்.

அட்டை இல்லாமல் வீதியில் மறித்தால் அவளிடம் காட்ட ஒன்றுமில்லை. பஸ்ஸில் வீடு வந்து சேரும் வரை என் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

பொழுது சாயும் நேரம் வாசலில் ஜீப் வந்து நின்றது. இரண்டு பொலிஸார் அவளுடைய அறைக்குள் போய்ப் பெட்டியைக் கொட்டினார்கள். சேலைகளும் விடைத்தாள்களும் தரையில் பரவின. புத்தகமொன்றின் நடுவிலிருந்து ஒரு தாள் விழுந்தது. மலை, பாதை, கட்டடங்கள், எல்லாவற்றுக்கும் அம்புக்குறிகள். அவளுக்காக நான் பென்சிலால் கீறிக் கொடுத்த படம்.

"யார் கீறினது?" என்று ஒருவர் உடைந்த தமிழில் கேட்டார்.

அவள் வாய் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் பேசாமல் நிற்கிறாள் என்பது எனக்கு விளங்கியது.

"நான்தான்," என்றேன்.

அவர்கள் தாளை எடுத்துக்கொண்டு, காலையில் இருவரும் வரவேண்டும் என்று சொல்லிப் போனார்கள். கணவர் கேற்றைச் சாத்திவிட்டு, கதவடியில் ஒண்டி நின்ற எங்கள் பிள்ளைகளைப் பார்த்தபடி என்னிடம் வந்தார்.

"புள்ளைகளை உம்மாட வீட்டுக்கு அனுப்புவமா?"

"அனுப்பினா இன்னும் சந்தேகப்படுவானுகள்," என்றேன். அதற்குப் பிறகு யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் படமும் அட்டையும் அதிகாரியின் மேசையில் அருகருகே கிடந்தன. நான் கொண்டுபோன பாடப்புத்தகத்தை வாங்கி, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, உண்மையைச் சொல், ஏன் அங்கே போகிறாய் என்றார்.

அவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். "சேர், நான் மலையில ஏறினதே இல்ல. எங்கட ஊரும் மணல், இந்த ஊரும் மணல்."

அதிகாரி பாடப்புத்தகத்தை மூடிவிட்டு அட்டையை அவள் பக்கம் தள்ளினார். கடிதம் தரமாட்டாராம். போவதென்றால் போகலாம், திரும்பியதும் அவள் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். படத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

கடிதம் இல்லை என்றதும் வேன்காரர் கையை விரித்துவிட்டார்.

"நான் வரேல்ல டீச்சர்," என்றாள் அவள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. என்னால உங்களுக்கு வந்த கரைச்சல் போதும்."

எனக்குக் கோபம் வந்தது. "நீங்க இல்லாம அந்த மலையில எனக்கு என்ன வேல?"

கணவர் குறுக்கிட்டார். "தம்புள்ளைச் சந்தைக்கு வெங்காயம் ஏத்துற லொறி அந்தப் பக்கத்தாலயும் போகும். நம்மட ஆள்தான் ஓட்டுறான். முன்னுக்கு நீங்க ரெண்டு பேரும் இருங்க. நான் மூட்டைக்கு மேல வாறன்."

பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு அப்படித்தான் புறப்பட்டோம். அனுராதபுரத்துக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடியில் அவளை மட்டும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் அட்டையோடு கூடாரத்துக்குள் போனான். மற்றவர்கள் மூட்டைகளுக்குள் கம்பியைக் குத்திப் பார்த்தார்கள். அவள் வெயிலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் காவலுக்கென்று ஓதும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கி, இடையில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து ஓதினேன். சிப்பாய் வந்து அட்டையை நீட்டினான். லொறி கிளம்பியதும் அவள் அட்டையைக் கைப்பைக்குள் வைத்து மூடினாள்.

பெரிய வீதியில் இறங்கி, வழியில் வந்த உழவு இயந்திரமொன்றில் தொற்றிக்கொண்டு அடிவாரம் சேர்ந்தோம். உச்சிக்குப் போக முடியாது, கற்பாதை முடியும் வரை போகலாம் என்றார் காவலாளி. பாதி வழியில் ஹெலிகொப்டர் ஒன்று மரங்களுக்கு மேலால் தாழப் பறந்தது. மூவரும் அப்படியே உறைந்து நின்றோம். சத்தம் மறைந்ததும் முதலில் காலை எடுத்து வைத்தவள் அவள்தான். உடைந்த தூண்கள், வேர்கள் நெட்டித் தள்ளிய படிகள், கல்லால் கட்டிய மேடைகள். ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்தாள்.

ஊர் திரும்பிய மறுநாள் பொலிஸுக்குத் தனியாகவே போனாள். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். அவள் வரும் வரை நான் வேலியடியிலேயே நின்றேன்.

"என்ன கேட்டார்?"

"அந்த இடம் எப்பிடி எண்டு கேட்டார். தன்ர பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமோ எண்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஏத்தம் கஷ்டம், ஆனா போகலாம் எண்டன்." செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தாள். "சோத்தைப் போடுங்க டீச்சர். சரியாப் பசிக்குது."