கரண்ட் போன பிறகும் கேட்ட வரி

விசைத்தறி ஓடும் குடோனுக்குள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும். கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டியே பெரியப்பாவின் குடோன் இருந்தது. அந்தச் சத்தத்திலேயே வளர்ந்ததால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய தொண்டை. ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு இன்னும் பெரிது. அதனால்தான் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூத்த அண்ணனான பெரியப்பாவின் குடோனிலேயே தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். கதைப் புத்தகம் என்றால் அவளுக்கு உயிர். பஞ்சுத் தூசி பட்டுக் கண் எரிய ஆரம்பித்த பிறகு பொடி எழுத்தைப் படிக்க முடியாமல் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்திப் படிக்க வேண்டும். கூலி, தேன்மிட்டாய்.

அந்த வருடம் ஆடி பிறக்கும் சமயத்தில் நூலகத்திலிருந்து தடியாக ஒரு நாவல் வந்தது. அட்டையில், கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் ஒரு பெண்ணின் முகம். பேய்க்கதை என்று நம்பி ஆசை ஆசையாகத் தொடங்கினேன். ஏமாற்றிவிட்டார்கள், கடைசிவரை பேயே வரவில்லை. ஏதோ ஒரு ஊரில் வழிவழியாகச் சொல்லிவந்த கதையாம். வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணைக் கூடப் பிறந்தவர்களே கொன்றுவிடுகிறார்கள். அப்புறம் பயந்துபோய் அவளுக்கே கோயில் கட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது.

எங்கள் வீட்டிலும் ஒரு கன்னிச்சாமி உண்டு. அத்தையின் அக்கா அவள். கல்யாணத்துக்கு முன்பே தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து சாமியாகிவிட்டாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வோர் ஆடி வெள்ளிக்கும் பெரியப்பா அவளுக்குப் புதுச்சேலை எடுத்துப் படைப்பார். படைத்த சேலை பெட்டிக்குள் போய்விடும். அதை யாராவது எடுத்துக் கட்டினால் கண் போய்விடும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள்.

கதை கேட்டு அத்தை அழுதிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவள் அழவில்லை, களைத்துப்போனாள். நூல் அறுந்ததுகூடத் தெரியாமல் நிற்பாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். அந்தப் பெண் கிணற்றடியில் அண்ணனைக் கூப்பிடும் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வாள். நாளைக்குப் படிக்கலாம் என்றால், "எனக்கும் அசதியாத்தான் இருக்குது கண்ணு, நிறுத்திப்போடாத" என்பாள்.

எங்கள் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. அன்றும் அப்படித்தான் போயிற்று. தறிகள் ஒரே நொடியில் நின்றன. வாயில் பாதி வரி இருந்ததால் நான் நிற்கவில்லை. "கும்பிட வந்தவர்களில் முதல் ஆளாக நின்றவன், அவளைத் தள்ளிவிட்ட அண்ணன்தான்" என்று குடோனே அதிரக் கத்திவிட்டேன்.

வாசலோரம் பெரியப்பா துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த துணி கையிலிருந்து நழுவியது. பச்சைக் குழந்தை படிக்கிற கதையா இது, இப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, புத்தகத்தை மூடினேன்.

"மூடாத கண்ணு, மீதியப் படி" என்றாள் அத்தை. பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினாள். "கிணத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால அன்னைக்கு நானும் நின்னுட்டுத்தானுங்கண்ணா இருந்தேன்."

அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. வேலை முடித்து வந்து சோறு இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் சொன்னாள், மரியாதை குறையாமல். பெரியப்பா குனிந்து, விழுந்த துணியை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார். மீதிப் பக்கங்களை நான் மெதுவான குரலில் படித்தேன். கரண்ட் வந்ததும் அத்தை எழுந்துபோய்த் தறியை ஓட்டினாள்.

அந்த நாவலைப் பெரியவளான பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். கிணற்றடிப் பக்கம் வந்ததும் உடம்பெல்லாம் அசந்துபோயிற்று. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, மூடி வைத்துவிட்டேன். அத்தனை வருடம் அத்தை எப்படித்தான் அந்த வீட்டில் சோறு தின்றாளோ.

நான் கத்திப் படித்த அந்த வருடமும் ஆடி வெள்ளியன்று பெரியப்பா வழக்கம்போலச் சேலை வாங்கி வந்து படைத்தார். மாம்பழ நிறம், அரக்குக் கரை. அவர் கற்பூரம் காட்டி முடித்ததும் அத்தை அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதையே கட்டிக்கொண்டு வெளியே வந்து, நேராகத் தறிக்குப் போய்விட்டாள்.

எனக்குத் தூக்கமே போயிற்று. எந்நேரமும் அத்தையின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவும் தன் வேலையை விட்டுவிட்டு அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், தங்கச்சிக்குக் கண் போய்விடுமோ என்று அவரும் என்னைப்போலவே பயந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.