ஒன்றாம் நம்பர் சீட்டு

எங்கள் வீடு போனதற்கு நான்தான் காரணம் என்று இதுவரை யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். அப்போதே அழுது தீர்த்திருப்பேன்.

சாம்பியன் ரீப்ஸ் என்ற தங்கச் சுரங்க ஊரில் தொழிலாளர்களுக்குக் கொடுத்த லைன் வீடு ஒன்றில் இருந்தோம். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பூமிக்கடியில் பாறையைத் துளைக்கிற வேலை. அந்தத் தூசி அவர் நெஞ்சில் இறங்கிக் குடியேறிவிட்டது. இனி உள்ளே இறங்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வேலை இல்லாதவனுக்கு லைன் வீடும் இல்லை. மூன்று மாதத்துக்குள் மேலே ஏதாவது வேலை கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பக்கத்து டிஸ்பென்சரியில் தினமும் காலையில் சண்டை நடக்கும். செருப்பு, செங்கல், கிழிந்த பை என்று எதையாவது வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது செங்கல் ஓரமாகக் கிடக்கும். பிறகு கேட்க வேண்டுமா? நைனா அங்கிருந்த அதிகாரியிடம் போய், நம்பர் சீட்டுக் கொடுக்கிற பெட்டி ஒன்று செய்து தருகிறேன், ஆளுக்கொரு சீட்டு, சண்டை ஓய்ந்துவிடும் என்றார். அதிகாரிக்குச் சிரிப்பு வந்ததாம். ஆனாலும் ஒரு வாரம் பிசகாமல் ஓடினால் பெட்டியையும் வைத்துக்கொள்கிறேன், பார்த்துக்கொள்ள உன்னையும் வைத்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. நைனா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். காகிதத்தை நாடா நாடாவாக வெட்டி, மைதாப் பசையால் ஒட்டி நீளமாக்கினோம். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நம்பர் எழுதும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். கிழிப்பதற்குத் துளை வேண்டுமே? அம்மா தையல் மெஷினில் நூல் கோக்காமல் வெறும் ஊசியைக் காகிதத்தின் மேல் ஓட்டினாள். எதிர் வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, காற்றில் ஜாக்கெட் தைக்கிறாயா என்று கேலி செய்தாள்.

முதலில் செய்த பெட்டியில் ஒரு சீட்டை இழுத்தால் நான்கு வந்து விழுந்தன. உள்ளே ஸ்பிரிங் வைத்துக் காகிதத்தை அழுத்தினார். இப்போது பாதியில் கிழிந்தது, மீதி உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது. காகிதம் சுற்றிய உருளை பின்னால் சுற்றாமலிருக்கக் கடிகாரச் சக்கரம் ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினார். பெட்டியின் வாயில் ரம்பத் துண்டு ஒன்றைப் பல்லாகப் பதித்தார். மழை பிடித்ததும் காகிதம் ஊறி உப்பிக்கொண்டது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். இருமிக்கொண்டே இழுத்துப் பார்ப்பார். இருமலில் கை ஆடும். ஆடுகிற கைக்கும் ஒன்றே ஒன்று வர வேண்டும், டிஸ்பென்சரிக்கு வருகிறவன் கை ஆடத்தானே செய்யும் என்பார். ஒருநாள் அப்படியே வந்தது. ஒரு விரற்கடை நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது பெட்டி. இழுத்தால் ஒரு சீட்டு, அடுத்த நாக்கு தயார். அம்மா அன்றைக்குத்தான் பல நாள் கழித்துச் சிரித்தாள்.

திங்கள் முதல் வெள்ளி வரை பெட்டி பிசகவே இல்லை. தினமும் காலையில் ஒன்றிலிருந்து தொடங்கும் புதுச் சுருளை நைனா மாட்டுவார். சண்டை போட வந்தவர்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை எனக்கு அரைநாள் பள்ளி. நைனாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். காலைக் கூட்டம் கலைந்திருந்தது. நைனா பின்னால் குழாயடியில் இருமிக்கொண்டிருந்தார். தரையெல்லாம் சீட்டு. நான் எழுதிய நம்பர்கள் பெஞ்சுக்கடியிலும் வாசற்படியிலும் மிதிபட்டுக் கிடந்தன. தூக்குச்சட்டியை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டுக் குனிந்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்றை எடுத்துக்கொண்டுதான் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறுவார்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் அதைப் பலகையில் மாட்ட வேண்டும். "வில்லை திரும்பி வரலன்னா ஆளு உள்ளயே கீறான்னு அர்த்தம்" என்று நைனா சொல்லியிருக்கிறார். எதிர் வீட்டு மாமாவின் வில்லை ஒருநாள் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவரைத் துணி போட்டு மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

நம்பர் என்றால் எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு சீட்டாகப் பொறுக்கினேன். சாக்கடையில் கிடந்ததைக்கூடப் பாவாடையில் துடைத்தெடுத்தேன். வரிசையாக அடுக்கி, மடித்து, பெட்டியின் வாய்க்குள் பலப்பத்தால் ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ளினேன். இத்தனை பேரைக் காப்பாற்றியதை யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை.

இரண்டு மணிக்கு, மத்தியானக் கூட்டம் சேர்ந்திருந்தபோது, அதிகாரி வந்து தன் கையாலேயே இழுத்தார். நாக்கு பாதியில் கிழிந்தது. மறுபடி இழுத்தார். கசங்கிய சீட்டுகள் கொத்தாக வந்து விழுந்தன. பன்னிரண்டாம் நம்பர் யாருக்கு என்று இரண்டு பெண்கள் அங்கேயே முடியைப் பிடித்துக்கொண்டார்கள். நைனா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு கையில் தூக்குச்சட்டியோடு நின்றிருந்த என்னைப் பார்த்தார். மூடியை மூடினார்.

"என் தப்புதான் சார். ஸ்பிரிங் சரியில்ல" என்றார்.

பழையபடி டிஸ்பென்சரி பியூனே வரிசையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அதிகாரி போய்விட்டார். இத்தனை நாள் பாடுபட்டும் நைனாவுக்கு ஒரு நல்ல ஸ்பிரிங் கிடைக்கவில்லையே என்று நான் வருத்தப்பட்டேன்.

அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்தோம். பேத்தமங்களாவில் அம்மாவுடன் பிறந்த மாமாவின் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். அங்கே சுற்றிலும் வயலும் நல்ல காற்றும் இருந்தன. அந்தக் காற்றை இழுக்கத்தான் நைனாவின் நெஞ்சில் இடமில்லை. அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அவர் பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிப்பைப் பிரித்தார். எதுக்கும்மா இப்படிச் செய்தாய் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். திரும்பி வராவிட்டால் ஆள் உள்ளேயே இருப்பார்கள் இல்லையா என்றேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். நைனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் மேல வந்துட்டாங்களா கண்ணு?"

"ஒண்ணாம் நம்பர் மட்டும் கெடைக்கல நைனா. எல்லா எடத்துலயும் தேடிட்டேன்."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அது எங்கயும் போல. எங்கிட்டதான் கீது" என்றார்.

அம்மா சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அழுவது கேட்டது. பெட்டிக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அன்று காலை, தான் செய்த பெட்டியிலிருந்து முதல் சீட்டைக் கிழித்துக்கொண்டு டாக்டரிடம் போனவர் நைனாதான் என்பதையும், டாக்டர் என்ன சொல்லி அனுப்பினார் என்பதையும் அம்மா எனக்குச் சொன்னது நான் கல்யாணமாகிப் போன பிறகுதான். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒன்றாம் நம்பர் தொலையவில்லை, நைனாவிடம் பத்திரமாக இருக்கிறது என்பது மட்டுமே. இனி உள்ளே யாரும் இல்லை என்ற நிம்மதியில் அவர் மடியிலேயே தூங்கிப்போனேன்.