எட்டாம் வகுப்பு, வீட்டு முன்னறையில்

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என் மகளின் பெயரைப் பள்ளிக்கூடப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவள் பள்ளிக்குப் போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடுப்பு எலும்பில் காசநோய் என்று மதுரை டாக்டர் சொல்லி, மார்பிலிருந்து முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, எங்களைச் சொந்த ஊரான கம்பத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். ஒன்றரை வருடமாவது மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டும். ஊசியும் மாத்திரையும் தவறக் கூடாது. எழுபதுகளின் பின்பாதி அது. நோயின் பெயரை வெளியில் சொல்லவே நாங்கள் கூச்சப்பட்டோம்.

பெயரை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் நான் தலைமையாசிரியை அம்மாவைப் பார்க்கப் போனேன். சண்டை போடும் எண்ணத்தில்தான் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"வருகை இல்லாத பிள்ளைய ஏழாவதுக்குத் தூக்கிப்போட எனக்கு அதிகாரம் இல்லைம்மா" என்றார். "ஆனா இன்னொரு வழி இருக்கு. இங்க வரவே வேண்டாம். வீட்டுலயே படிச்சு எட்டாவதை நேரா பிரைவேட்டா எழுதலாம். வயசு மட்டும் நிரம்பியிருக்கணும். இவளுக்கு ரெண்டு வருசத்துல நிரம்பிரும்."

அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடம் இல்லாமல் படிப்பு உண்டு என்றால், பிறகு பள்ளிக்கூடம் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவரே கேட்டார்.

"வீட்டுல யாரு சொல்லிக் குடுப்பாக?"

"நான்தான்."

"நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீக?"

"அஞ்சாவது."

அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் உள்ள புத்தகங்களை வரிசையாக எழுதினார். மேசை இழுப்பறையைக் குடைந்து, யாருக்கோ வாங்கி மிஞ்சிப்போன தனித்தேர்வு விண்ணப்பப் படிவம் ஒன்றையும் கொடுத்தார். "இப்பவே பாத்து வச்சுக்கங்க, என்னென்ன கேப்பாகன்னு. ஆனா ஒண்ணு. படிச்சாச்சா, இல்லையான்னு யாரும் வந்து கேக்க மாட்டாக. இதுல கஷ்டமே அதுதான்."

வீட்டுக்கு வந்து மகளும் நானும் அந்தப் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்தோம். 'அங்க அடையாளங்கள் இரண்டு' என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தது. கழுத்தில் ஒரு மச்சம் கண்ணுக்குத் தெரிந்தது. "இன்னொண்ணு கட்டுக்குள்ள இருக்கும்மா. கட்டைப் பிரிச்சாத்தான் பரீட்சை" என்றாள். நோய் வந்த பிறகு அவள் அப்படி விளையாட்டாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். விற்பனை இல்லை, வாடகையும் ரிப்பேரும். அவருக்கு இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை வரவில்லை. "எந்தப் பள்ளிக்கூடத்துலயும் பேரே இல்லாத பிள்ளை எப்படிப் பரீட்சை எழுதும்? அந்தம்மா உன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பாக" என்றார். ஆனாலும் மல்லாந்தபடி புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து மகளுக்குக் கை வலிப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் கடையிலிருந்து ஒரு பழைய சைக்கிள் கேரியரைக் கொண்டுவந்தார். கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி நிறுத்தி, கேரியரை அவள் முகத்துக்கு மேலே தலைகீழாகப் பொருத்தினார். விரித்த புத்தகத்தைக் கேரியரின் ஸ்பிரிங் கம்பி கவ்விப் பிடித்துக்கொண்டது. பக்கம் திருப்ப மட்டும் அவள் கையைத் தூக்கினால் போதும்.

எழுதுவதுதான் சிக்கலாக இருந்தது. படுத்துக்கொண்டு மேல்நோக்கிப் பிடித்தால் பேனா எழுதவில்லை. மை பின்பக்கம் போய்விட்டது. பால்பாயிண்ட் பேனாவும் நாலு வரியில் நின்றுபோனது. "ஏம்மா மேல பாத்து எழுத மாட்டேங்குது?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கடைசியில் பென்சில்தான் எழுதியது. அது ஏன் எழுதுகிறது என்பது அவளுடைய அடுத்த கேள்வி.

நான் ஒரு கால அட்டவணை போட்டேன். ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு, இப்படி. நாலு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் அவள் புவியியல் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரி முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கை எடுக்கச் சொன்னேன். "மணியடிச்சாத்தானே மாத்தணும்? இங்கன யாரு அடிக்கா?" என்றாள். விட்டுவிட்டேன். அவள் எந்த வரிசையில் போகிறாள் என்று பார்க்க எனக்கும் ஆசை வந்துவிட்டது.

தினமும் காலையில் கிழிக்கும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவள் கேள்விகளை எழுதி வைப்பாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததுதான் அதிகம். அதைத் தெரிந்தவர் யார் என்று யோசித்து, சமையல் முடிந்ததும் தாளை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். கடைத்தெருவில் காய்கறி வாங்குவதைத் தவிர எனக்கு வேலை இருந்ததில்லை. இப்போது மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறைக்குப் போனேன். தந்தி அடிக்கும் கருவியைப் பார்க்க வேண்டும் என்று தபால் ஆபீஸ் ஜன்னலில் நின்று கேட்டேன். என்ன சொல்வார்களோ என்று பயந்த இடத்தில் எல்லாம், மனிதர்கள் வேலையை நிறுத்திவிட்டு விளக்கிச் சொன்னார்கள். அவர்களை அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

ஒரு நாள் தாளில் இப்படி எழுதியிருந்தது: 'மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் செம்பு படியும் என்று புத்தகம் சொல்கிறது. பார்த்தவர்கள் உண்டா?'

காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குத் தெரிந்தவர்களின் திராட்சைத் தோட்டம் இருந்தது. கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். டவுன் பஸ் ஏறிப் போனேன். மருந்து கலக்கிக்கொண்டிருந்த மேஸ்திரி, நான் கேட்டதும் இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்து நீலத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, கொஞ்ச நேரம் வைத்து, வெளியே எடுத்துக் காட்டினார். முக்கிய இடம் வரைக்கும் செம்புப் பாத்திரத்தின் நிறம் ஏறியிருந்தது.

"இப்படிச் செவந்துச்சுன்னா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம். இதை அப்படியே அடிச்சா எலையெல்லாம் கருகிரும். கத்தி செவக்காத வரைக்கும் சுண்ணாம்பு விட்டுக்கிட்டே இருக்கணும்" என்றார். "யாருக்கும்மா இது?"

"மகளுக்கு. எட்டாவது படிக்கிறா."

"பள்ளிக்கூடத்துல இதையெல்லாமா சொல்லித் தர்றாக?"

பதிலுக்குச் சிரித்தேன். அவர் ஒரு துண்டு மயில்துத்தத்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, கையைக் கழுவாமல் எதையும் தொடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரில் அதைக் கரைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் வைத்தேன். மகள் தலையைத் திருப்பிப் பார்க்க முடிந்த தூரம் அதுதான். ஆணியை நூலில் கட்டி இறக்கினோம். வீட்டுக்காரர் சாப்பிட வந்தவர் பார்த்துவிட்டு, "விஷத்தைக் கொண்டாந்து முன்னறையில வச்சிருக்கீகளே" என்று சத்தம் போட்டார். பிறகு சாப்பிட்டு முடித்து அவரும் வந்து நின்றார். ஆணியை நான் தூக்கியபோது, "ஹேண்டில்பாருக்குக் குரோம் ஏத்துறாகளே, அதுவும் இப்படித்தானா?" என்று மகளைக் கேட்டார். அவள் யோசித்து, "அதுக்குக் கரண்ட் வேணும்னு நெனைக்கேன். நாளைக்குப் படிச்சுச் சொல்றேன்ப்பா" என்றாள். மறுநாள் அவர் வழக்கத்தைவிட முன்னதாகச் சாப்பிட வந்தார்.

இன்னொரு கேள்வி ஆற்றைப் பற்றியது. மலையில் பெய்கிற தண்ணீர் மேற்கே போய் அந்தப் பக்கக் கடலில் விழுகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது. அப்படியானால் பெரியாற்றுத் தண்ணீர் நம் வாய்க்காலுக்கு எப்படி வருகிறது? பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் குளித்துச் சமைத்தவள் நான். ஒரு நாளும் இதைக் கேட்டுக்கொண்டதில்லை. வாய்க்கால் மடையைத் திறந்து மூடும் லஸ்கரிடம் கேட்டேன். "மலையைக் குடைஞ்சு இங்கிட்டுக் கொண்டாந்திருக்காக. குழாய்ல எறங்கி, கரண்ட் எடுத்து, அப்புறம் ஆத்துல விடுறாக" என்றார். ரெண்டு பக்கமும் இருந்து குடைந்தார்களா, ஒரு பக்கமா என்று மகள் அடுத்த தாளில் கேட்டிருந்தாள். "நான் என்ன அப்பப் பொறந்தா இருந்தேன்?" என்றார் லஸ்கர்.

இரண்டாம் வருடம் கட்டைப் பிரித்தார்கள். நோய் நின்றுவிட்டது. ஆனால் இடுப்பு மடங்கவில்லை. அவளால் படுக்க முடியும், ஊன்றுகோல் பிடித்து நிற்க முடியும், மெதுவாக நடக்க முடியும், பெஞ்சில் உட்கார முடியாது. அந்த நிலையில்தான் விண்ணப்பத்தை நிரப்பினோம். தலைமையாசிரியை அம்மா கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். என் வீட்டுக்காரரே பெரியகுளம் கல்வி அலுவலகம் வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பரீட்சை உத்தமபாளையத்தில் ஒரு பள்ளியில். முதல் நாள் வாசலில் நின்றவர்களைப் பார்த்து எனக்குத் திகைப்பாக இருந்தது. எல்லோரும் பெரியவர்கள். மீசை வைத்த ஆட்கள், கையில் குழந்தையோடு ஒரு பெண், லாரி கிளீனர் ஒருவர். நான் இதைப் பிள்ளைகளின் பரீட்சை என்று நினைத்திருந்தேன்.

கண்காணிப்பாளர் மகளைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். "உக்கார முடியாதுன்னா எப்படிம்மா எழுதும்?"

"நின்னு எழுதுவா சார்."

"ரெண்டரை மணி நேரமா?"

அவர் உள்ளே போனார். மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்து, "சயின்ஸ் லேப்புல மேசை உசரமா இருக்கும்" என்றார். அவளை மட்டும் தனியாக வைத்தால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால், அவளுக்கு ஒதுக்கிய அறையில் எழுத வேண்டிய அத்தனை பேரையும் லேப்புக்கு மாற்றினார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. லாரி கிளீனர் இவள் பக்கத்து மேசை.

"நான் பியூன் வேலைக்கு எழுதுறேன். எட்டாவது கேக்குறாக. உனக்கு எதுக்குத்தா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஒம்பதாவது சேர."

"இதுக்கு மேலயுமா?" என்றாராம்.

நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை. உட்கார மனம் வரவில்லை.

முடிவு தபாலில் வந்தது. எல்லாவற்றிலும் தேறியிருந்தாள், வரலாறு புவியியலில் மட்டும் போய்விட்டது. என்னால் நம்ப முடியவில்லை. புவியியலா? கேட்டபோது மெதுவாகச் சொன்னாள். கிழக்கே பாயும் ஆறுகளைப் பற்றி நாலு வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் மலையைக் குடைந்த கதையை மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறாள். பேனாப் பிடித்துப் பழக்கம் விட்டுப்போன கை வேறு. வரைபடமும் வரலாற்றில் பாதியும் எழுத நேரம் இல்லை.

அன்றைக்கு அவளைத் திட்டினேன். அந்த இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. "அவுக கேட்டது நாலு வரி. உன்னைய யாரு அதுக்கு மேல எழுதச் சொன்னது?"

"நாலு வரியில எழுதுனா யாருக்கும்மா புரியும்?"

ஆனாலும் அடுத்த ஆறு மாதம் கேட்டதை மட்டும் எழுதப் பழக்கினேன். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நேரம் முடிந்ததும் தாளைப் பிடுங்கிவிடுவேன். அவளுக்கும் பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. அடுத்த தடவை எழுதித் தேறிவிட்டாள்.

ஜூன் மாதம் அவளுடைய பழைய பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தோம். அதற்குள் ஓரளவு சாய்ந்து உட்கார முடிந்தது. தலைமையாசிரியை அம்மா கடைசி பெஞ்சின் ஓரத்தில் காலை நீட்ட இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்த பெண், எட்டாவது எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டிருக்கிறாள். இவள் வீட்டில் என்று சொல்ல, அவள் நம்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் நேரில் பார்க்கவே வந்துவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முன்னறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பீரோ, கேரியரைக் கழற்றிவிட்ட கட்டில், சுவரில் சாமி படம். அவ்வளவுதான் இருந்தது. "இங்கனயா அத்தை?" என்றாள்.

"இங்கனதான்."

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் என் மகள், தண்ணீருக்காகக் குடைந்த மலையைக் காட்டுகிறேன் என்று அவள் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள், ஒவ்வொரு படியாக, மெதுவாக. நான் இருவருக்கும் காபி போட அடுப்படிக்குப் போனேன்.