டிஸ்க் பெட்டி போட்ட சத்தம்

என் கணவர் துபாயில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். போன முறை விடுப்பில் வந்தபோது எனக்கு நகையோ சேலையோ கொண்டு வரவில்லை. இரண்டு ஹார்டு டிஸ்க்குகளைச் செருகி வைக்கிற ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். நான் மேலப்பாளையத்தில் வீட்டிலிருந்தபடியே ஸ்டுடியோக்காரர்களுக்குக் கல்யாண வீடியோ வெட்டிக் கொடுக்கிறேன். ஒரு கல்யாணம் என்றால் மூன்று பேர் கேமராவோடு நின்று எடுத்துத் தள்ளுகிறார்கள். பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா எலும்பு கடிப்பதைக்கூட விடுவதில்லை. அதையெல்லாம் போட்டு வைக்க இடம் வேண்டுமே. எனக்குப் பெட்டி மிகவும் பிடித்துப்போனது. மாமிக்குத்தான் மனக்குறை. வீட்டுக்கு வந்தவர்களிடம், "எம் மவன் பொண்டாட்டிக்கு வாங்கிட்டு வந்த பெட்டி. தொறந்து பாத்தா உள்ள ஒரு சீலைத்துணி கெடையாது" என்று காட்டினார்.

பெட்டியை மாடி அறையில், சுவரில் அடித்திருந்த மரப்பலகையின் மேல் வைத்தேன். கம்ப்யூட்டர் சூடாகாமல் இருக்க அந்த அறைக்கு ஏசி போட்டிருந்தோம். அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் மாமா, அதாவது என் கணவரின் வாப்பா, தலையணையோடு அங்கே வந்துவிடுவார். ஜவுளி வியாபாரத்தை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவர். சர்க்கரை கூடியதிலிருந்து மாமி தடுக்காத ஒரே காரியம் தூக்கம்தான் என்பார்.

சில மாதம் பெட்டி இருக்கும் இடம் தெரியாமல் ஓடியது. பிறகு ஒரு நாள் டர்ர்ர் என்றது. நிறுத்தியது. மறுபடி டர்ர்ர்.

முதலில் கேட்டது மாமிதான். "ஏளா, மாடியில எலி புகுந்துட்டு. பலகையப் போட்டு பிறாண்டுது."

"எலி இல்ல மாமி, பெட்டிதான் சத்தம் போடுது."

"பெட்டிக்கு என்ன பல்லா இருக்கு?"

அன்றைக்கே எலிப்பொறி வந்தது. உள்ளே ஒரு கருவாட்டுத் துண்டைக் கட்டிவைத்தார். எலி வரவில்லை. கருவாட்டு வாசம் வந்தது. ஏசி அறை என்பதால் அது வெளியே போகவும் இல்லை. நான் மூக்கில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண்ணின் மருதாணிச் சடங்கை வெட்டி முடித்தேன்.

கணவருக்கு விடுமுறையான ஒரு மதியம் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கிட்டங்கியில் கம்ப்யூட்டர் சாமான்களை அடுக்குகிறவர் அவர். அடுக்கி அடுக்கியே எல்லாம் தெரிந்துவிட்டதாக அவருக்கு ஒரு எண்ணம்.

"பயப்படாத புள்ள. ஒண்ணு ஃபேன் சத்தமா இருக்கும், இல்ல டிஸ்க் சத்தமா இருக்கும். ஃபேன்னா பரவாயில்ல. டிஸ்க்னா உள்ள இருக்க கல்யாணமெல்லாம் போச்சு. போனை அந்தப் பெட்டிகிட்ட கொண்டு போ."

கொண்டு போனேன்.

"யா அல்லாஹ், இவ்வளவு சத்தமா? சரி, பின்னால ஃபேன் இருக்கும் பாரு. ஒரு ஈர்க்குச்சிய விட்டு ஒரு நொடி நிறுத்து."

நிறுத்தினேன்.

"சத்தம் நிக்கலியே. அப்ப டிஸ்க்குதான். நாந்தான் சொன்னேன்லா. உடனே பெட்டிய ஆஃப் பண்ணிரு."

எத்தனை பேருடைய கல்யாணம் அதற்குள் இருந்தது. கம்ப்யூட்டரில் முறைப்படி துண்டித்துவிட்டு, சுவிட்சை அணைத்து, வயரையும் பிடுங்கினேன்.

"பண்ணிட்டேன்."

அவர் மெதுவாகக் கேட்டார். "புள்ள, இன்னும் வருதே. கரண்ட் இல்லாம எப்படி ஓடுது?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் மாமா மல்லாந்து படுத்திருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிற குறட்டை என்பதால் அது என் காதில் விழுவதே இல்லை.

"அது மாமா" என்றேன்.

"வாப்பாவா?" என்றார். பிறகு, "வாப்பாவுக்கு எப்பமிருந்து இப்படி இருக்கு?" என்று பெட்டியை விட்டுவிட்டு அதை விசாரிக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நானே காரியத்தில் இறங்கினேன். பெட்டியைத் துண்டின் மேல் வைத்தேன். சத்தம் குறைந்தது, ஆனால் பெட்டி இட்லிச் சட்டி மாதிரி சுட்டது. துண்டை எடுத்தேன். மாமி தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியோடு வந்து நின்றார். "ரெண்டு சொட்டு விட்டா எல்லாம் அடங்கிரும். எந்த ஓட்டைன்னு மட்டும் சொல்லு." பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடைக்குக் கொண்டு போகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

பெட்டியை அதே துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. குலுங்காமல் இருக்கத் தோளோடு சாய்த்துப் பிடித்தேன். ஒரு பெண் உடனே எழுந்து, "பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு நிக்கியே, இங்கன உக்காரு" என்றார். விளக்கம் சொல்ல வெட்கமாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டேன். கொக்கிரகுளம் பாலத்தில் ஆற்றுக்காற்று அடித்தபோது, "முகத்த மூடு, சளி புடிக்கும்" என்றார். மூடினேன்.

வண்ணார்பேட்டைக் கடையில் அண்ணாச்சி பெட்டியைக் கண்ணாடி மேசையில் வைத்து ஓடவிட்டார். சத்தமே இல்லை. காதை வைத்துக் கேட்டார். நானும் வைத்தேன். "ஃபேன் லேசா இரையுது தங்கச்சி, எல்லாப் பெட்டியும் அப்படித்தான்" என்று தூசியை மட்டும் ஊதிக் கொடுத்தார். வீட்டில் எப்படிச் சத்தம் போடும் என்று நான் டர்ர்ர் என்று செய்துகாட்டினேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து பலகையில் வைத்தால், டர்ர்ர்.

தரையில் வைத்தேன், சத்தம் இல்லை. கட்டிலில் வைத்தேன், இல்லை. பலகையில் வைத்துவிட்டுப் பலகையைக் கையால் அழுத்தினேன், நின்றது. கையை எடுத்தேன், வந்தது. அப்படியென்றால் பெட்டி அதிர்வதில் பலகையும் அதிர்ந்து, பலகையில் இருக்கிற வேறு ஏதோ ஒன்று ஆடுகிறது. ஒவ்வொரு சாமானாக இறக்கினேன். பழைய ஆல்பங்கள் இறங்கியதும் அவற்றுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா தெரிந்தது. அது என்னுடையது இல்லை. தொட்டதும் சத்தம் நின்றது. திறந்தால் உள்ளே கடலை உருண்டைகள். டப்பா நிறைய இருந்தவரை ஆடாமல் இருந்திருக்கிறது. காலியாகக் காலியாக உருண்டைகள் உள்ளே ஓடி விளையாடியிருக்கின்றன.

கட்டிலைப் பார்த்தேன். குறட்டை இல்லை. மாமா ஒரு கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மாமி கீழ இருக்காளா?"

"இருக்காங்க மாமா."

"அப்ப டப்பாவப் பைய மூடு" என்றார்.

மூடிக் கொடுத்தேன். அவர் டப்பாவைத் துண்டுக்குள் மறைத்துக் கீழே கொண்டுபோய் பீரோவின் மேல் வைத்தார். என் பெட்டி பூனை மாதிரி அமைதியாகிவிட்டது. கணவரிடம் சொன்னபோது, "ஃபேனும் இல்ல, டிஸ்க்கும் இல்லன்னு எனக்கு அப்பமே ஒரு சந்தேகம்" என்றார்.

ஆனால் பீரோ இருக்கும் அறையில் ஏசி இல்லை. இரண்டொரு நாளில் உருண்டையின் பாகு இளகி, சுவரோரம் எறும்புகள் சாரை கட்டின. மாமி அந்தச் சாரையைப் பிடித்துக்கொண்டே போய் டப்பாவோடு வந்தார். நானும் மாமாவும் கூடத்தில் இருந்தோம்.

"இது யாருக்குள்ளது?"

மாமா சற்றும் தயங்கவில்லை. "மருமவளுக்கு. கண்ணு முழிச்சு வேல பாக்குதாளே, பாவம்னு வாங்கிட்டு வந்தேன்."

மாமி என் பக்கம் திரும்பினார். "உனக்கா?"

"ஆமா மாமி."

"அப்ப தின்னு. நான் பாக்கேன்."

எறும்பைத் தட்டிவிட்டு ஒன்றை வாயில் போட்டேன். மென்று முடிக்கும்வரை மாமி நின்றார். இன்னொன்றை நீட்டினார். அதையும் தின்றேன். உருண்டை கல் மாதிரி இருந்தது, ஆனால் நல்ல ருசி. மாமா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கடிக்கிற ஒவ்வொரு கடிக்கும் அந்தப் பேப்பர் லேசாகத் தாழ்ந்தது.