தங்கைக்கு வந்த அழைப்பு

என் தங்கைக்குக் கிடைத்த வேலையை நான்தான் கெடுத்தேன். அவளுக்கு இஷ்டமில்லை என்று, அவளைக் கேட்காமலே, நானே சொல்லிவிட்டேன். இதற்குமேல் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

சாத்தான்குளத்தில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. எங்கள் குடும்பங்களில் கல்லாவில் வெளியாளை உட்காரவைக்கும் வழக்கமே கிடையாது. எவ்வளவு நம்பிக்கையான ஆளானாலும் சரக்கு எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். மூத்தவன் நான்; அந்த நாற்காலி எனக்கென்றே காத்திருந்தது. எனக்கோ அதைப் பார்த்தாலே மூச்சு முட்டும்! அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து, துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வேன்... முத்தையாபுரத்தில் ஓர் ஒற்றை அறை, சட்டையெல்லாம் நிலக்கரித் தூசி, கைக்கும் வாய்க்குமான சம்பளம். ஆனாலும் காலையில் கண் விழிக்கும்போதே ஒரு நிமிர்வு இருந்தது. தானே தேர்ந்துகொண்ட வாழ்க்கைக்குத்தான் பொருளுண்டு என்பதை அன்று கண்டுகொண்டேன். இன்றும் அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆகவே, சுதந்திரத்தின் அருமை தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னால் தப்பிக்க முடியாது.

தங்கை செல்வி படிப்பை முடித்ததும் அவளுக்கும் அதே ஆசை வந்தது. ஒரு கன்டெய்னர் யார்டில் நேர்காணலுக்கு வந்தாள். அப்பாவுக்குத் தெரியக்கூடாதென்று என் கைப்பேசி எண்ணைக் கொடுத்தாள்.

"எனக்கு கிரேன் ஓட்டிப் படிக்கணும்ணே. நீ இங்கன இருக்கேல்லா, எனக்கென்ன பயம்!" என்று சிரித்தாள்.

அந்த வாரமே அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் விளங்காமல் போயிற்று. கல்லாவுக்கு ஆள் வேண்டும். நானா, அவளா? அவளிடம் ஒரு வார்த்தை பேசினேனா? இல்லை! யார்டிலிருந்து அழைத்தவர்களிடம், "அவளுக்கு இஷ்டமில்ல சார்" என்றேன். அவளிடம், "வேற ஆள எடுத்துட்டாங்களாம்ளா" என்றேன். நம்பினாள். கடைக்குப் போனாள்.

அவள் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். கடையைப் பெருக்கிவிட்டாள். நல்ல கணவன், கெட்டிக்கார மகள், ஊரில் மரியாதை. இத்தனையும் அவளுடைய திறமை. என் பொய்க்கு இதில் ஒரு பங்கும் இல்லை. கிரேன் ஓட்டத் தெரியாமல் தோற்றுத் திரும்பியிருந்தாலும் அது அவள் தோல்வியாக இருந்திருக்கும். அதைக்கூட நான் அவளுக்கு விட்டுவைக்கவில்லையே...

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன். செல்வியின் மகள் கப்பல் படிப்புக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

"அவளுக்கு எது நல்லதுன்னு நீயே ஒரு முடிவு சொல்லிருண்ணே" என்றாள் செல்வி.

"ஏளா, அவகிட்டயே கேளு. அவ இஷ்டப்படி விடு." என் குரல் உறுதியாகத்தான் வந்தது.

செல்வி சிரித்தாள். "என்னைய யாருண்ணே கேட்டா? நான் என்ன கெட்டா போயிட்டேன்?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்... வாய் வரைக்கும் வந்தது! அதற்குள் ஒருவர் கருப்பட்டி கேட்டு வந்தார். அவள் எழுந்தாள்.

"எடை போட்டுட்டு வாரேன். செத்த நேரம் கல்லால இருண்ணே."

நான் உட்காரவில்லை. அவள் திரும்பி வரும்வரை அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.